எஞ்சினைப் பார்க்காத ரயில் பைத்தியம்

ஜனவரி 12, 2016

குளிரில் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்து முக்கி முனகித்தான் கிளம்பியது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது; அதுவும் நானும் ஒரே மாதிரி சத்தம்தான் போடுகிறோம்.

வீட்டுக்கு வந்தால் மரபணுச் சோதனை முடிவு காத்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு மகள் வாங்கித் தந்தது; எச்சிலைத் துப்பி அனுப்பியதோடு மறந்தே போனேன். வயார்ட்டன் என்ற ஊரில் ஐலீன் க்ராப் என்று ஒரு கிழவி எனக்கு நெருங்கிய சொந்தமாம். அவள் அம்மா பிறந்த வீட்டுப் பெயர் ஹெப்டன். எங்கள் குடும்பப் பெயர்!

வில்ஃப் தாத்தாவுக்கு உலகத்தில் யாருமே கிடையாது என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்? ஒன்பது வயதில் இங்கிலாந்திலிருந்து கனடாவுக்குக் கப்பலேற்றி, பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்ட அநாதை. 'ஹோம் பையன்', அதாவது இல்லத்துப் பையன். அப்படி வந்தவர்களை இந்த ஊர் அப்படித்தான் அழைத்தது, மூக்கைச் சுளித்துக்கொண்டு.

அப்புறம் இந்த ஐலீன் எங்கிருந்து முளைத்தாள்?

ஜனவரி 13

கிளேட்டன் சித்தப்பாவிடம் சொன்னேன். தாத்தாவின் பிள்ளைகளில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். சீட்டுக் கட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை.

"அந்தப் பேச்ச எடுக்காத வெர்னா. பள்ளிக்கூடத்துல என்னைய 'ஹோம் பையன் பெத்தது'ன்னுதான் கூப்பிட்டானுங்க. மண்ணு போட்டு மூடியாச்சு. அந்த அழுக்க இப்ப ஏன் அலசுற?"

"யாரு அழுக்கு சித்தப்பா? அனுப்புனவங்களா, வந்தவரா?"

சீட்டைப் போட்டார். எனக்கும் சேர்த்தே.

ஜனவரி 14

விடமாட்டேன்.

ஜனவரி 24

தாத்தாவின் ஒரே நல்ல புகைப்படத்தை எடுத்துப் பார்த்தேன். ரயில் நிலையத்தில் நிற்கிறார். வேறெங்கே நிற்பார்? ஊருக்கே அவர் 'ரயில் பைத்தியம் வில்ஃப்'. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாடுகளுக்குத் தீவனம் வைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, வடக்கேயிருந்து வரும் ரயிலைப் பார்க்க நடப்பார். ஏறவும் மாட்டார், யாரையும் ஏற்றிவிடவும் மாட்டார். ரயில் போனதும் திரும்பிவிடுவார். பயணிகள் ரயிலை நிறுத்திய பிறகு அவர் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. கிளேட்டன் சித்தப்பா கல்லறைக் கல்லில் ஒரு நீராவி எஞ்சினையே செதுக்கி வைத்தார், புகையோடு. இந்தப் பக்கத்துக் கல்லறைகளில் டிராக்டர் உண்டு, மான் உண்டு. எஞ்சின் தாத்தாவுக்கு மட்டும்தான்.

ஆனால் இந்தப் படத்தில்—இத்தனை வருடம் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? எஞ்சினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கழுத்தை நீட்டிப் பெட்டிகளைப் பார்க்கிறார்.

இது என்ன ரயில் பைத்தியம்?

பிப்ரவரி 13

வயார்ட்டன் போய்வந்தேன். வழியெல்லாம் பனி. ஐலீனுக்கு எண்பத்தெட்டு வயது. கதவைத் திறந்ததும் என் காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "எங்கம்மா காது," என்றாள். அவ்வளவுதான், உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

அவள் அம்மா ஈடித். தாத்தாவின் அக்கா.

ஐலீன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அவர்கள் அநாதைகளே இல்லை. இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்திலிருந்து அவர்கள் அப்பா மீன்பிடிக் கப்பலில் போய் மூழ்கினார். அம்மா ஹன்னா ஊர்த் துணி துவைத்து வளர்த்தாள். காய்ச்சலில் விழுந்தவள், தேறும்வரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பிள்ளைகளையும் ஓர் இல்லத்தில் விட்டாள். தேறி வந்து கேட்டபோது பிள்ளைகள் கடலுக்கு இந்தப் பக்கம்.

இங்கே ரயிலில் வந்தபோது தாத்தாவை முதலில் இறக்கினார்கள். பண்ணைக்காரன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அக்கா ஜன்னல் வழியாகக் கத்தினாளாம், "சனிக்கிழமை ரயில்ல வந்துடுறேன்டா, அங்கேயே நில்லு!"

அவளை இறக்கியது நாலே நிலையம் தள்ளி. அந்த வாரமே சனிக்கிழமை ஓடிப்போய் ரயிலேறப் பார்த்தாள். பிடித்து இழுத்து வந்தார்கள். மறுபடி ஓடக்கூடாது என்று, உன் தம்பி செத்துவிட்டான் என்று சொல்லிவிட்டார்கள். பாவிகள். நாலே நிலையம்!

"அப்புறம் அம்மா ரயில்லயே ஏறல," என்றாள் ஐலீன். "மாமா உயிரோட இருந்தாரா? எத்தன வருஷம் இருந்தாரு?"

சொன்னேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கே நின்றார் என்பதையும் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். அவள் மேஜையைக் குத்தினாள், நானும் குத்தினேன்.

பிப்ரவரி 15

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த எஞ்சினைத் தேய்த்து எடுத்துவிட்டு ஈடித் பெயரையும் ஹன்னா பெயரையும் பொறிக்க வேண்டும் என்றேன். வெளியே போ என்றார். போகவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்தேன்.

கடைசியில் சீட்டுக் கட்டைக் கீழே வைத்தார்.

"எஞ்சின் பேரு ஒண்ணுகூட அவருக்குத் தெரியாது. சின்னதுல நானும் கூடப் போவேன். பொம்பளைங்க இறங்குற பக்கமாத்தான் நிப்பாரு. ஒவ்வொருத்தி மூஞ்சியையும் உத்துப் பாப்பாரு. எனக்கு... வேற மாதிரி தோணிச்சு. ஊர்ல யாரும் அப்படிப் பேசிடக்கூடாதுன்னுதான் ரயிலு மேல பைத்தியம்னு நானே சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். கல்லுலயும் அதையே போட்டேன்."

அதற்கு மேல் அவரிடம் சண்டை போட வரவில்லை.

மார்ச் 6

தேவாலயத்தில் காப்பி நேரம். கல்லறைக் குழுத் தலைவி டோரீன் லாக்கர்பி காதுக்கு விஷயம் போய்விட்டது. அந்த இடம் கிளேட்டன் பெயரில் இருக்கிறது, அவர் சம்மதம் இல்லாமல் கல்லில் கை வைக்க முடியாது என்றாள். சரி. அதோடு நிறுத்தினாளா?

"ஊரே சிரிச்ச நல்ல கதை வெர்னா. அத ஏன் கெடுக்குற?"

"சிரிச்சது நீங்க. நின்னது அவரு."

இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டேன், அங்கேயே நின்று நிதானமாகக் குடித்தேன். நான் ஏன் ஓட வேண்டும்?

மார்ச் 29

சித்தப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. நானும் கேட்பதை நிறுத்தவில்லை.

ஏப்ரல் 30

ஐலீனைக் காரில் அழைத்துக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் சித்தப்பா வீட்டு வாசலில் நிறுத்தினேன். திட்டட்டும்!

திட்டவில்லை. அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். ரயிலிலிருந்து இறங்கும் பெண்களைத் தாத்தா அப்படித்தான் பார்த்திருப்பார். பிறகு தேநீர் போட எழுந்தார். சித்தப்பா தேநீர் போட்டு நான் பார்த்ததே இல்லை. ஐலீன் சீட்டாட்டத்தில் அவரை இரண்டு முறை தோற்கடித்தாள். கிளம்பும்போது, "கல்லு வேலைக்காரன வரச் சொல்லு," என்றார் என்னிடம், எரிச்சலாக.

மே 21

கல்லறையில் நாங்கள் மூன்று பேரும், கல் கொத்துகிறவரும். டோரீனும் வந்தாள், தூரத்தில் நின்றாள்.

நான் எஞ்சினை எடுக்கச் சொன்னேன். சித்தப்பா கைத்தடியைக் குறுக்கே நீட்டினார். எஞ்சின் இருக்கட்டும், பின்னால் ஒரு பயணிகள் பெட்டியைச் சேர்த்துச் செதுக்கு என்றார். இத்தனை வருடம் வெறும் எஞ்சின் யாரைக் கொண்டுவந்தது என்று கேட்டார். பெட்டியின் கீழே பெயர்கள்: ஹன்னாவின் மகன், ஈடித்தின் தம்பி. எடுக்கச் சொன்ன நானே தலையாட்டினேன். எனக்கே ஆச்சரியம்.

கல் கொத்துகிறவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். ஜன்னலில் ஒரு சிறுமியின் முகம் வைக்கட்டுமா என்று கேட்டார்.

"ஜன்னல்ல யாரும் வேணாம்," என்றார் சித்தப்பா. ஐலீனின் கை அவர் கைக்குள் இருந்தது. "கதவு மட்டும் தெறந்திருக்கட்டும். அவ எறங்கிட்டா."