பாறை வரைக்கும்

ஜூலை 30
இன்று பாதையின் முதல் வழிகாட்டிப் பலகையோடு திரும்பிவிட்டோம். அக்காவுக்கு மூச்சு வாங்கியது. போன கோடையில் புளுபெர்ரி வயலை முழுக்கக் கடந்து, இயற்கைக் காப்பகத்தின் கோடியில் இருக்கும் பாறை வரை நடந்தோம். அங்கிருந்து கடல் தெரியும்.

"இந்த வருஷமும் ஒரு தடவை போயிடணும்டி நண்டு" என்றாள்.

பனி விழும் வரை தாங்கினால் பெரிது என்று அம்மாவிடம் டாக்டர் சொன்னது அக்காவுக்கும் தெரியும். வீட்டில் யாரும் அதைப் பேசுவதில்லை.

ஆகஸ்ட் 4
உளறிவிட்டேன். பாதைக்கு இடப்பக்கம் பழம் நீலமாகக் கொட்டிக் கிடக்கிறது. வலப்பக்கம் செடி புதிதாகத் துளிர்க்க இந்த வசந்தத்தில் தீ வைத்த வயல். அது அடுத்த ஆகஸ்டில்தான் காய்க்கும். எப்போதும் சொல்வதுபோல, "அடுத்த வருஷம் இந்தப் பக்கம்" என்றேன். அக்கா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினாள். அது அவிழ்ந்திருக்கவே இல்லை.

ஆகஸ்ட் 9
பழம் வாருகிறவர்கள் வந்துவிட்டார்கள். வருஷாவருஷம் எல்லை தாண்டிக் கனடாவிலிருந்து வரும் மிக்மாக் பழங்குடிக் குடும்பங்கள்தான். பழப்பெட்டி ஏற்றும் லாரி பாறைக்குப் பக்கம் வரை போகிறது. மேஸ்திரி நோயலிடம் கேட்டால் அக்காவை ஏற்றிக்கொள்வார். யார் கேட்பது? அம்மா விடியுமுன் மீன் ஆலைக்குப் போய்விடுகிறாள்.

அக்காவோடு வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது, நான் பள்ளியை விட்டதற்கு அம்மா சொல்லும் காரணம். அங்கே வாயைத் திறக்கவே பயம் என்பது என் காரணம்.

ஆகஸ்ட் 10
கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12
இன்றும் இல்லை. லாரியருகே போய் நின்றேன். அவர் நிமிர்ந்ததும் பழம் பொறுக்குவதுபோல உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா வாசல் படியோடு திரும்பிவிட்டாள்.

ஆகஸ்ட் 15
நாளையோடு வயல் முடிகிறதாம், ஒரு பெண் சொன்னது காதில் விழுந்தது. நோயல் முன்னால் எப்படிப் போய் நின்றேன் என்றே தெரியவில்லை. பாதியிலேயே அழுதுவிட்டேன். அவர் கையிலிருந்த பழம் வாரும் சீப்பைக் கீழே வைத்தார்.

"உனக்குப் பேச வருமா? இத்தனை வருஷமா தலையாட்டி பொம்மைன்னுல்ல நெனச்சேன்."

பிறகு கேலியை விட்டு, காலையில் வீட்டுக்கே லாரியைக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 16
மூடுபனி.

நோயல் அக்காவைத் தூக்கிப் பாறைமேல் உட்காரவைத்தார். கடல் இல்லை. வெறும் வெள்ளை. நேற்று வரைக்கும் என்ன வெயில்! ஒரு நாள் முன்னால கேட்டிருந்தா — எனக்கெல்லாம் எதுக்கு வாய்?

அக்கா இருமிக்கொண்டே சிரித்தாள். "சரி, நீ சொல்லு. என்ன தெரியுது?"

சொன்னேன். படகுகள், மிதவைகள், தீவில் ஒரு வீடு, துணி காயப்போடும் குண்டுப் பெண்.

"அவ புருஷன் எங்க?"

"ஓடிட்டான்."

"நல்லதாப் போச்சு."

நான் பேசிக்கொண்டே இருந்தேன். இவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. பெட்டிகள் வயலில் காத்துக் கிடந்தன. நோயல் ஒரு முறைகூட ஹாரன் அடிக்கவில்லை.

செப்டம்பர் 11
அக்கா எழுந்திருக்கவில்லை. "அந்தக் குண்டுப் பொம்பள இப்ப என்ன பண்றா?" என்று மட்டும் கேட்டாள். துணி மடிப்பதாகச் சொன்னேன்.

அக்டோபர் 19
வயல் முழுக்கச் சிவந்துவிட்டது. பாறை வரை நடந்தேன். வெளியூர்க்காரர்கள் இருவர், புருஷன் பெண்டாட்டி, அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தனியாவாம்மா வந்த?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"ஆமாங்க" என்றேன். தலையைக் குனியவில்லை. "எப்பவும் எங்க அக்காவோடதான் வருவேன். அவ போன மாசம் இறந்துட்டா."

அந்த அம்மாள் தள்ளி உட்கார்ந்து, பாறையில் எனக்கு இடம் விட்டாள்.