ஆயில் குச்சி காட்டிய அளவு

மார்ச் 4, செவ்வாய்

வேன் இன்று மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டியது. நான் தினமும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போகும் நர்ஸ்கள் ஆறு பேரும் பின்னால் இருந்து கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் ஆயில் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது. ஒரு லிட்டர் ஊற்றினேன். இன்று புகை வருகிறது. இந்த மேட்டுத் தெருவுக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் வண்டிக்கு நோய். வீடு ராசியில்லையோ?

மார்ச் 9, ஞாயிறு

தம்பியின் ஒர்க் ஷாப்புக்குப் போனேன். "வண்டி ஆயில் குடிக்குதுடா" என்றேன். பானெட்டைத் திறந்து காது கொடுத்துக் கேட்டான்.

"உள்ள தேய்ஞ்சிருக்கும்க்கா. 5W-30 ஆயில் தண்ணி மாதிரி. இடுக்குல இறங்கி எரிஞ்சுடும். கொஞ்சம் கெட்டியா போடுவோம்."

வண்டியோடு வந்த புத்தகத்தில் 5W-30 என்றுதானே இருக்கிறது?

"புத்தகம் எழுதினப்ப வண்டி கைக்குழந்தை."

வாய் மட்டும் குறைச்சல் இல்லை. பழையதை வடித்துவிட்டு 10W-40 நாலு லிட்டர் ஊற்றினான். முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்காம், இரண்டாவது சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்காம். எனக்கு வண்டி நின்றால் போதும். இல்லை, நிற்காமல் இருந்தால் போதும்.

மார்ச் 16, ஞாயிறு

ஒரு வாரத்தில் மறுபடி கீழ்க்கோடு. ஒரு லிட்டர் ஊற்றினேன்.

மார்ச் 21, வெள்ளி

பெரிய நர்ஸ் ஜன்னலைச் சாத்தினாள். "கருகின வாசனைக்கா" என்றாள், குறை சொல்கிற குரலில் அல்ல. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. சிக்னலில் நிற்கும்போது ஆயில் விளக்கு கண் சிமிட்டியது.

மார்ச் 30, ஞாயிறு

பழையதை வடித்துவிட்டு இப்போது 20W-50, நாலு லிட்டர். கேனைச் சாய்த்தால் இறங்க மனமில்லாமல் இறங்குகிறது. "இதுக்கு மேல கெட்டியா போடணும்னா தார்தான்" என்றான். சிரித்தேன்.

ஏப்ரல் 2, புதன்

காலையில் ஸ்டார்ட் ஆக முக்குகிறது. இன்ஜினுக்குள் டாப்பெட் தட்டும் சத்தம் அரை நிமிடம். அடங்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

கெட்டி ஆயிலையும் குடித்துவிட்டது. ஒரு லிட்டர் ஊற்றிக்கொண்டு நேரே அவனிடம் போனேன். "இன்ஜினைப் பிரிக்கணும், இல்ல வித்துடணும். காய்கறிக்கடைக்காரர் கேட்டுட்டே இருக்கார்" என்றான்.

விற்றுவிட்டு? மறுபடி அந்தத் துணிக்கடையா? பதினோரு வருஷம் நின்றே வேலை பார்த்த கால் இது. நரம்பு புடைத்தது இன்னும் வற்றவில்லை. வேன் ஓட்டத் தொடங்கிய பிறகுதான் உட்கார்ந்து சம்பாதிக்கலாம் என்பதே எனக்குத் தெரிந்தது.

கோபத்தில் வாய் நீண்டுவிட்டது. "அப்பா ஒர்க் ஷாப்பை உன் கையில குடுத்ததே தப்பு"ன்னுட்டேன். அவன் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ஏன் சொன்னேன்? வேற எதையாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே.

ஏப்ரல் 10, வியாழன்

துணிக்கடை முதலாளியிடம் பேசிவிட்டேன். மே முதல் வாரம் வரச் சொன்னார். காய்கறிக்கடைக்காரர் திங்கட்கிழமை வண்டி பார்க்க வருகிறார்.

ஏப்ரல் 13, ஞாயிறு

கொடுப்பதற்கு முன்னால் புத்தகத்தில் உள்ள ஆயிலையே போட்டுக் கொடுப்போம் என்று தம்பியிடம் போனேன். நேர்மை என்று சொல்லிக்கொண்டேன். வீம்பு. வடிகிற ஆயிலை அளவுக் கேனில் பிடிக்கச் சொன்னேன். "எவ்வளவு குடிச்சிருக்குன்னு உன் கண்ணால பாரு."

மூன்று லிட்டர் வந்தது. நாலு வந்தது. இன்னும் வந்துகொண்டே இருந்தது. ஐந்து லிட்டர் கோட்டுக்கு விரல் அளவு கீழே வந்துதான் நின்றது.

நாலு லிட்டர் கொள்ளும் இன்ஜின்.

இரண்டு பேரும் கேனையே பார்த்தோம். அவன்தான் கேட்டான்.

"அக்கா, வண்டிய எங்க நிறுத்திக் குச்சி பாக்குற?"

"வீட்டு வாசல்ல."

"சக்கரத்துக்குக் கல்லு வைப்பியே, அந்த வாசல்லயா?"

மேட்டு வாசலில் வண்டி நிற்பதே மூக்கு மேலே, பின்பக்கம் கீழே. ஆயில் பின்னால் ஓடிவிடும், முன்னால் இருக்கிற குச்சியில் எப்படித் தெரியும்? அது குடிக்கவே இல்லை. நான்தான் வாரிவாரி ஊட்டியிருக்கிறேன். அளவுக்கு மிஞ்சினதைக் கடைந்து நுரையாக்கி, புகையாகத் துப்பி, விளக்கைச் சிமிட்டி, தன்னால் முடிந்தவரை சொல்லிப் பார்த்திருக்கிறது. இத்தனை வருஷமாக வண்டி ஓட்டுகிறவளுக்கு இந்தப் புத்தி. வெட்கமாக இருக்கிறது.

"வடிச்சதை நானும் அளக்கலையே" என்றான். 5W-30, அளந்து நாலு லிட்டர் ஊற்றினான். "இதுல நிஜமாவே குறைஞ்சா அப்புறம் 10W-40 பத்திப் பேசுவோம்."

ஏப்ரல் 14, திங்கள்

காய்கறிக்கடைக்காரரைத் திருப்பி அனுப்பினேன். முறைத்தார்.

ஏப்ரல் 25, வெள்ளி

புகை இல்லை. விளக்கு சிமிட்டவில்லை. பெரிய நர்ஸ் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்கினாள்.

மே 4, ஞாயிறு

துணிக்கடைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு ஒர்க் ஷாப்புக்குப் போனேன். தம்பி ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தான். கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தது. காலிடம் சொல்வது சுலபமாக இருந்தது. "அன்னிக்கு அப்பாவை இழுத்துப் பேசினது தப்புடா. மனசுல வச்சுக்காதே."

காருக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. 

"குச்சி என்ன சொல்லுது?"

"மூணு வாரத்துல ஒரு நூல் அளவுதான் இறங்கியிருக்கு."

"எங்க நிறுத்திப் பார்த்த?" என்றான்.