சுந்தரி ஆடிய திருநாள் நோட்டீஸ்

ரேஸ் கோர்ஸ் ரோடு,
14-2-1960

அன்புள்ள தங்கச்சி சந்திரமதிக்கு,

நலம். நீயும் என் நண்பன் வேலாயுதமும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன ஞாயிறு உங்கள் கம்பத்துக் குடிசையில் வாங்கி வந்த தமிழர் திருநாள் நோட்டீசை நூலகத்தில் சேர்த்துவிட்டேன். "பெரிய பெரிய புத்தகம் இருக்கிற எடத்துல இந்தக் குப்பை எதுக்குண்ணே?" என்று சிரித்தாயே, எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது இந்தக் குப்பைக்குத்தான் மதிப்பு. நாடக நோட்டீஸ், சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எதையும் நான் விடுவதில்லை. கப்பலேறி வந்த நம் ஜனங்கள் இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று நாளைக்கு எவனாவது கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டாமா?

அந்த நோட்டீசில் போட்டிருக்கும் கும்மிப் படத்தில் உன் மகள் சுந்தரிதான் நடுவில் நிற்கிறாள். நான் கிளம்பும்போது, "மாமா, என் படத்த அங்க செவுத்துல ஒட்டுவாங்களா?" என்று கேட்டாள். "ஒட்ட மாட்டோம்லா, பூட்டி வைப்போம்" என்றேன். உடனே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். அவளிடம் சொல், அங்கே போன காகிதம் எரியாது, கரையான் அரிக்காது, யாரும் வெளியே கொண்டுபோகவும் முடியாது.

அன்பு அண்ணன்,
பெர்னார்ட்


புக்கிட் மேரா,
9-8-1961

பெர்னார்ட் அண்ணனுக்கு,

சந்திரமதி வணக்கம். போன தையில் பிடித்த தீயில் கம்பத்துக் குடிசையெல்லாம் போனபின் எங்களுக்கு இங்கே அடுக்குமாடி வீடு கொடுத்திருக்கிறார்கள். திறந்தால் தண்ணீர், தட்டினால் வெளிச்சம். யாருக்கு? காய்ச்சலோடு படுத்திருந்த பிள்ளையை விட்டுவிட்டுத் தேக்கா சந்தைக்கு ஏன் போனாய் என்று உங்கள் நண்பர் இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது வாய்விட்டு அழுதிருப்பேன்.

அடக்கத்தன்று நீங்களும் இருந்தீர்கள். பெட்டியைத் திறக்கவே இல்லை. அவள் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை, அண்ணே. வீட்டிலிருந்த படமெல்லாம் அவளோடு போயிற்று. பள்ளிக்கூடத்தில் கேட்டேன், இல்லை என்றார்கள். திருநாள் கமிட்டியிடமும் அந்த நோட்டீஸ் ஒன்றுகூட மிச்சமில்லை.

வரும் தையில் தலைத்திதி. பூப்போட, பொட்டு வைக்க, என் பிள்ளைக்கு ஒரு முகம் வேண்டும். நான் கொடுத்ததைத்தானே கேட்கிறேன்? திருப்பிக் கொடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சந்திரமதி


ரேஸ் கோர்ஸ் ரோடு,
2-10-1961

அன்புத் தங்கச்சி,

கெஞ்சிப் பார்த்துவிட்டேன். முத்திரை குத்தி எண் போட்ட காகிதம் வாசலைத் தாண்டக் கூடாதாம். ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வந்து நிற்கும் என்கிறார் மேலதிகாரி. நான்தான் உன்னிடம் வாங்கிப் போனேன், நானே இல்லை என்று எழுதும்படி ஆகிவிட்டது. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எப்படியோ பேசி ஒரு போட்டோஸ்டாட் எடுக்க வைத்தேன். மெஷின் அறையில் உறைபோட்டு ஒட்டித் தந்தார்கள். அவளை முதலில் நீதான் பார்க்க வேண்டும் என்று நான் பிரிக்கவில்லை. லூர்து மாதா கோயிலில் அவளுக்காக ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

அன்பு அண்ணன்,
பெர்னார்ட்


புக்கிட் மேரா,
6-10-1961

அண்ணே,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! தாள் முழுக்கக் கறுப்பு. என் பிள்ளைக்கு முடி வெள்ளை, கண் வெள்ளை, முகம் கரிக்கட்டை. பெட்டியில் எப்படிக் கிடந்தாளோ என்று நான் நினைத்துப் பயந்தேனோ, அப்படியே தபாலில் வந்து சேர்ந்தாள். உங்கள் நண்பர் அதைப் பார்த்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு ஜரீனாவின் புருஷன் போட்டோக் கடையில் இருக்கிறார். "அந்த மெஷின்ல மொதத் தடவ இப்படித்தான்கா வரும், கறுப்பு வெள்ளையா, வெள்ள கறுப்பா. அதவச்சு இன்னொண்ணு எடுக்கணும்" என்றார். எனக்கு இன்னொன்று வேண்டாம். வெந்த புண்ணில் ஒரு முறை வேல் பாய்ந்தது போதும்.

திதியன்று நானே அங்கே வருகிறேன். என் பிள்ளையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன். அதற்கும் ரூல்ஸ் இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள்.

சந்திரமதி


ரேஸ் கோர்ஸ் ரோடு,
11-2-1962

தங்கச்சி,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. திதியன்று நீ படத்தின்மேல் குனிந்தபோது அழுகிறாய் என்று நினைத்து நான் திரும்பிக்கொண்டேன். நீ போனபின்தான் சுந்தரியின் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்தேன். மேலதிகாரியும் பார்த்துவிட்டார். "க்ளீன் பண்ணி வைங்க, பெர்னார்ட்" என்றார்.

பிரஷால் தட்டினேன், போகவில்லை. பஞ்சை நனைத்து ஒற்றினேன். அதோடு விட்டிருக்கலாம், தேய்த்தேன். மட்டமான காகிதம், ஈரம் பட்டதும் பொட்டோடு தாளும் பெயர்ந்து வந்தது. முதலில் நெற்றி, பிறகு முகம். சுற்றி நிற்கும் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பாழானதை வைத்து என்ன செய்வது என்று அதைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள். கழித்த காகிதத்தை வெளியே எடுத்துப் போகலாமாம். இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து உங்கள் இருவரையும் பார்க்கட்டுமா?

பெர்னார்ட்


புக்கிட் மேரா,
19-2-1962

பெர்னார்ட் அவர்களுக்கு,

நோட்டீஸ் கிடைத்தது. உங்கள் நண்பர் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். முகம் இருந்த இடத்தில் ஓட்டைதான். குத்துமதிப்பாக நெற்றி எங்கே இருந்திருக்கும் என்று பார்த்து, கண்ணாடிமேல் பொட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். எந்த ஞாயிற்றுக்கிழமையும் வேண்டாம்.

சந்திரமதி