மஞ்சள் ரிப் கட்டிய கோன்

ஜூன் 4, செவ்வாய்

பனியன் கம்பெனியில் ஆர்டர் இல்லை. வெள்ளி வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா முத்தாத்தாள் ஒரு வேலை சொன்னார். அவருடைய அண்ணன் மகன் வேல்குமார், நாடு முழுக்க இடுகாடுகளைப் படம் எடுத்துப் பதிவு செய்கிற ஆட்களோடு சேர்ந்திருக்கிறாராம். எங்கள் பக்கத்து இடுகாட்டில் எழுத ஆள் வேண்டுமாம்.

"பேசோணும்னு இல்லை கண்ணு, எழுதுனாப் போதும்."

அதனால்தான் சரி என்றேன். ஒன்பதாவதில் எழுந்து வாசிக்கச் சொன்னால் குரலே வராது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. செத்தவர்கள் வாசிக்கச் சொல்ல மாட்டார்கள்.

ஜூன் 5, புதன்

கல் வைத்த சமாதிகளுக்குப் பெயர், வருஷம், ஒரு படம். வேலியோரம் குழந்தைகளைப் புதைக்கிற இடம். அங்கே கல்லே கிடையாது.

"அதை மொத்தமா ஒரு போட்டோ எடுத்துக்கலாம். குப்பையெல்லாம் பொறுக்கீரு கண்ணு, சுத்தமா வரோணும்" என்றார் வேல்குமார் சார். குழி வெட்டுகிற அர்த்தநாரி இன்று இல்லை. கொமரலிங்கத்தில் ஏதோ சாவாம்.

பாட்டில், பாலித்தீன் பை, நூல் தீர்ந்த கோன்கள். ஒரு கோன் மட்டும் மண்ணில் குத்தி நின்றது. அதில் மஞ்சள் ரிப் துணி. குழந்தைகள் பனியனுக்குக் கழுத்தில் வைக்கிற ரிப். எங்கள் லைனில் ஓடிய ஆர்டர், நானே பிசிறு வெட்டியது. எங்கள் கம்பெனி வேஸ்ட் இங்கேயும் வந்து விழுகிறதே என்று சிரிப்பு வந்தது.

ஆனால் இரண்டு முடிச்சு போட்டிருந்தது. குப்பைக்கு யார் முடிச்சு போடுவார்கள்? சாரைப் பார்த்தேன். போனில் பேசிக்கொண்டிருந்தார். சாக்கில் போட்டுவிட்டேன். மூலையில் கொட்டி எல்லாவற்றையும் எரித்தோம்.

ஜூன் 6, வியாழன்

நல்ல மழை. வேலியோரம் மேடு பள்ளமெல்லாம் போய் ஒரே சமமாகக் கிடக்கிறது. படம் அருமை என்றார் சார்.

ஜூன் 9, ஞாயிறு

இடுகாட்டில் எழுத்து வேலை இன்னும் பாக்கி. அங்கே சின்னத்தாய் அக்கா வந்தார். கம்பெனியில் நான் கைமடி நிற்பது அவர் மிஷினில்தான். நான் மடித்துக் கொடுப்பேன், அவர் தைப்பார். போன வருஷம் குழந்தை தவறியதிலிருந்து அதிகம் பேச மாட்டார். ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

கையில் கிரீம் பிஸ்கட். வேலியோரம் நடந்தார். திரும்பினார். மறுபடியும் நடந்தார்.

"இங்கனதான வச்சேன். கோன்ல மஞ்சத் துணி கட்டி நட்டிருந்தேனே. முனீஸு, நீ பாத்தியா?"

குனிந்து நோட்டைப் புரட்டினேன்.

அர்த்தநாரியைக் கேட்டார். "எத்தனை குழந்தைக வருதுங்க. உங்க துணியைப் பாத்துத்தானுங்க எனக்கே அடையாளம்" என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். எரித்த சாம்பலைப் பார்த்தார். தெரிந்துவிட்டது அவருக்கு. பல்லைக் காட்டினார்.

"இந்தப் புள்ளைதானுங்க எல்லாத்தையும் எழுதுச்சு. அதையக் கேளுங்க. காட்டு கண்ணு, அக்கா நிக்கறாங்கல்ல."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். விடவே இல்லை.

அரளிச் செடிப் பக்கம் கை நீட்டினேன். சும்மா ஒரு இடம்.

அக்கா அங்கே படுத்துவிட்டார். கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டு பேசினார். "வளையலு பெருசா இருக்குன்னு மஞ்ச நூலு சுத்திப் போட்டேனே எஞ்சாமி. கழட்ட மனசு வரலையே."

ஜூன் 10, திங்கள்

சொல்லிரணும். மடிச்சுக் குடுக்கறப்ப மெதுவாச் சொல்லிரலாம்னு நெனச்சேன். அக்கா இன்னைக்குத் தைக்கிறப்ப பாட்டு முணுமுணுத்தாங்க. எத்தனை மாசத்துக்கு அப்புறம் — நான் எப்படிச் சொல்றது?

ஜூன் 23, ஞாயிறு

அக்கா ஒரு டைல்ஸ் துண்டில் பெயிண்டால் 'அருண்பாண்டி' என்று எழுதிக் கொண்டுவந்து அரளி அடியில் நட்டார். சார் அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்.

"குழந்தைகள்ல பேரோட இருக்கறது இது ஒண்ணுதானுங்க. ரொம்ப முக்கியமான பதிவு."

என்னையே எழுதச் சொன்னார். எழுத்து அழகாக வந்தது.

ஜூலை 5, வெள்ளி

இடுகாட்டுக்குச் சுற்றுச்சுவர் வருகிறது. கட்டித் தருவது எங்கள் முதலாளி தங்கதுரை. பதிவில் பெயர் உள்ள இடங்களைத் தொடக் கூடாது என்று சார் சொல்லியிருந்தார். அதனால் அரளிப் பக்கத்தை விட்டுவிட்டு எதிர் மூலையில் ஜேசிபி வேலியோரத்தைத் தோண்டியது.

வேலை முடிந்து வரும்போது அர்த்தநாரி கூப்பிட்டார். என் உள்ளங்கையில் ஒன்றை வைத்தார். கறுப்பு வளையல். மஞ்சள் நூல் சுற்றியது. பாலியஸ்டர் நூல், அப்படியே இருக்கிறது.

"மத்ததுங்க?" நானா கேட்டேன்? நான்தான் கேட்டேன்.

"மத்ததென்ன, மண்ணுதான். டிராக்டர்ல போயிருச்சு. உங்க கம்பெனி வாசல்ல பள்ளம் கெடந்துச்சல்ல, அதுக்கு. பின்ன மொதலாளி சும்மாவா செவுரு கட்டறாரு?"

சிரித்தார். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் கண்ணு. நீதான் வாயே தொறக்க மாட்டியே."

ஜூலை 6, சனி

வளையல் என் இரண்டு விரலுக்குத்தான் நுழைகிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

கம்பெனி வாசலில் மழைத்தண்ணீர் நிற்பதில்லை. மண் நன்றாக இறுகிவிட்டது. மத்தியானம் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறோம்.

இன்று அருண்பாண்டி பிறந்தநாள். அக்கா கேக் வாங்கி வந்து, சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே எங்கள் லைன் ஆட்கள் எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு மட்டும் பெரிய துண்டு.

"இவ இல்லேன்னா எம்புள்ளயத் தொலைச்சிருப்பேன்" என்று மற்ற டெய்லர்களிடம் சொன்னார். "ஞாயித்துக்கிழமை அவனப் பாக்க வாரியா?"

"வாரேன்க்கா" என்றேன். இப்போதெல்லாம் எனக்குக் குரல் வருகிறது.

பெல் அடித்தது. அக்கா எழுந்து, சேலையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.