விரிப்பின் மறுமுனை

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். முதுகுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

புக், குக், லுக், ஹுக் என்று ஒரேமாதிரி முடியும் நாலெழுத்து ஆங்கிலச் சொற்களைப் நான் படிக்கப் பாப்பா அனுப்பினாளே, அவற்றை இங்கே வேலை செய்யும் சலவைக்கூடத்தில்தான் படித்தோம். நானும் கூட வேலை செய்யும் அக்காவும் விரிப்பை ஆளுக்கொரு முனை பிடித்து மடிப்போம். முனைகள் சேரும்போது அக்கா சொல்லைச் சொல்வார், நான் அர்த்தம் சொல்வேன். தப்பாகச் சொன்னால், "போச்சுடி, பாப்பாகிட்ட அடிதான் உனக்கு!" என்பார்.

அக்காவைப் போன வாரம் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என் வேலைக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். மறுமுனையைச் சுவரில் உள்ள கொக்கியில் மாட்டி மடிக்கிறேன்.

பாப்பா குரலில் அந்தச் சொற்களைப் பதிவுசெய்து அனுப்புங்கள். அர்த்தம் வேண்டாம். ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். நான் பதில் சொல்ல வேண்டும்.

துணிவண்டி வந்துவிட்டது.