இகுரா தெஸ் கா என்று நானே கேட்டேன்

அன்பு மகள் அபிக்கு, சேலையூர்ல இருந்து அம்மா எழுதறேன். கர்த்தரோட கிருபையில நானும் அப்பாவும் நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளை ஜேசனும் உன் வயித்துல இருக்கிற பிள்ளையும் சுகமா இருக்கணும்னு எந்திரிச்சதுமே ஜெபம் பண்றேன். போன்ல பேசினா பாதியிலயே வேணாம்மான்னு வெட்டிடுவ, அதான் கடுதாசியா எழுதி போட்டோ எடுத்து அனுப்புறேன், முழுசா படி.

டாக்டர் உன்னைப் படுக்கையிலயே இருக்கச் சொல்லிட்டாங்கன்னு அழுதியே, நான் கிளம்பி வர்றேன்னதுக்கு, பாஷை தெரியாம இந்த நகோயாவுல ஒரு பால் பாக்கெட்கூட உன்னால வாங்க முடியாதும்மா, ஜேசன் வேலைக்குப் போயிட்டா உன்னையும் சேர்த்து நான்தான் பாத்துக்கணும்னு சொன்ன. சுருக்குன்னு இருந்துச்சு, ஆனா நீ சொன்னது நியாயம். மறுநாளே கேம்ப் ரோட்டுல ஜப்பான் பாஷை கிளாஸ்ல சேர்ந்துட்டேன். அப்பா இந்த வயசுல உனக்கு எதுக்குன்னார். கூடப் படிக்கிறதெல்லாம் ஐ.டி. பசங்க, டீச்சர் சத்யபிரியா உன்னைவிட சின்னவ. எழுத்து மனசுல நிக்கவே இல்ல, முதல் டெஸ்ட்ல ஃபெயில். ஆனா பேச்சு அப்படி இல்லடி, நம்ம மாதிரியே வினை கடைசியிலதான் வருது. பாலைக் கொடுங்கங்கிறதுக்கு க்யூன்யூ ஓ குதசாய். க்யூன்யூன்னா பால், நாம 'ஐ' ஒட்டுற இடத்துல அவங்க 'ஓ' வைக்கிறாங்க, கேள்வின்னா கடைசியில ஒரு 'கா', அவ்வளவுதான். விலை கேக்க கோரே வா இகுரா தெஸ் கா, இது எவ்வளவுன்னு அர்த்தம். எண்ணுதான் படுத்திடுச்சு. நூறு ஹ்யாக்குன்னா முந்நூறு சன்ப்யாக்கு, எண்ணூறு ஹப்ப்யாக்கு. எரிச்சலா வந்துச்சு, அப்புறம் நாம மட்டும் ஒன்பது நூறுன்னா சொல்றோம், தொள்ளாயிரம்னுதானேன்னு தேத்திக்கிட்டு, சமைக்கும்போதெல்லாம் சத்தமா சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணேன்.

போன சனிக்கிழமை டீச்சர் எங்களை நாவலூருக்குக் கூட்டிட்டுப் போனா. அங்க ஒரு அபார்ட்மென்ட்ல ஊருக்குத் திரும்புற ஜப்பான்கார அம்மா வீட்டு சாமானை வித்துக்கிட்டிருந்தாங்க. பசங்க எல்லாம் இங்கிலீஷ்ல பேசித் தப்பிச்சுட்டாங்க. நான் குழந்தையைச் சுத்துற ஒரு பருத்தித் துணியை எடுத்துக்கிட்டு இகுரா தெஸ் கான்னேன். அவங்க மளமளன்னு என்னமோ சொன்னாங்க, ஒண்ணும் புரியல. சத்யபிரியா குறுக்க வந்தா, நீ சும்மா இருன்னு சைகை காட்டிட்டு, மோ இச்சிதோ ஒனெகாய்ஷிமாஸ், இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டேன். நிறுத்தி ரொப்ப்யாக்குன்னாங்க. அறுநூறு! ச்சொத்தோ தகாய் தெஸ் நே, கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேன்னேன். சிரிச்சுட்டு யாருக்குன்னு கேட்டாங்க. முசுமே நோ அகச்சான், என் மகளோட குழந்தைக்குன்னேன். அவங்க சிரிப்பு அடங்கிப் போச்சு, துணியை நீவி மடிச்சு ரெண்டு கையாலயும் நீட்டி, கோஹ்யாக்குன்னாங்க, ஐந்நூறு. பேரமே பேசிட்டேன் அபி! வீட்டுல அப்பாகிட்ட சொன்னேன், மறுநாள் காலையில என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு விசா விசாரிக்க அவரே கிளம்பிட்டார். அழைப்புப் பேப்பரை மாப்பிள்ளைகிட்ட கேட்டேன், உனக்குச் சொல்லாமலே அனுப்பிட்டார், அவரைத் திட்டாதே.

மாத்திரையை நேரத்துக்குப் போடு, எழுந்து பாத்திரம் கழுவப் போகாதே. கர்த்தர் தாயையும் பிள்ளையையும் ஒரு குறையும் இல்லாம காப்பாராக. உன் வீட்டுக்கு வர்றேங்கிறதை டீச்சர்கிட்ட கிமாஸ்னு சொல்லிப் பாத்தேன், தப்பாம், கிளம்புறவங்க இகிமாஸ், போறேன்னுதான் சொல்லணுமாம். இந்த ஒண்ணுல மட்டும் நான் அவங்க இலக்கணத்தைக் கேக்கப்போறதில்ல. வர்றேன் அபி.

உன் அம்மா,
சரோஜினி அசரியா