கிண்ணத்தில் வழிந்த ருசி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு, அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அதிலும் என் நலத்தை டாக்டரே காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் சொன்னால் சரிப்பா சரிப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். சந்தோஷத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நாலு மாதத்துக்கு முன்னால் என் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை ஆறு புள்ளி மூன்று, இன்று காலை ஐந்து புள்ளி ஆறு! லேப் வாசலிலேயே மூன்று தடவை படித்தேன், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாலாவது தடவையும் படித்தேன். உன்னிடம் அப்போதே சொல்லாதது என் தப்புதான். அன்றைக்கு, சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசற்படியில் நிற்கிறது, சாப்பாட்டைத் திருத்திக்கொண்டு தினமும் நடந்தால் திருப்பி அனுப்பப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. எனக்கு வந்ததே கோபம்! பேக்கரி மாஸ்டர்தான், ஆனால் இனிப்பைத் தொடவே மாட்டேன், டீயில்கூடச் சர்க்கரை கிடையாது என்று அவரிடமே சத்தியம் பண்ணினேன். பக்கத்தில் இருந்த உன் அம்மா ஒரு பார்வை பார்த்தாள்.

மறுநாள் பேக்கரிக்கு ஒரு கிண்ணத்தோடு வந்தாள். பெட்டி கட்டுகிற மேசையில் அதை வைத்துக்கொண்டு, நான் ருசி பார்க்கும்போதெல்லாம் அதே அளவு எடுத்து அதில் போட்டாள். க்ரீம் பதத்துக்கு ஒரு விரல், ஜாம் இறுகியதா என்று ஒரு ஸ்பூன், கேக்கின் ஓரம் வெட்டினால் அந்தத் துண்டு, உடைந்த பிஸ்கட். முப்பது வருஷமாக அதெல்லாம் எனக்கு வேலை, சாப்பாடு என்று தோன்றியதே இல்லை. சாயங்காலம் கிண்ணம் வழிந்தது. இது யாருக்கு என்று நான் வேறு கேட்டுவைத்தேன். இதைத்தான் இன்னைக்கு நீங்க சாப்பிட்டீங்க என்றாள்.

அன்றோடு விரலால் நக்குவது நின்றது. இப்போது அடுப்பிலிருந்து வரும் முதல் தட்டில் மட்டும், ஸ்பூன் நுனியில் ருசி, மற்றதெல்லாம் தராசும் கடிகாரமும் பார்த்துக்கொள்ளும். மத்தியானம் பாதித் தட்டு காய்கறி, பிறகு பருப்பு, சோறு ஒரே கரண்டி. முதல் இரண்டு வாரம் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன், உன் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். முழுக் கோதுமையில் எனக்கென்று ஒரு ரொட்டி சுட்டேன், செங்கல் மாதிரி வந்தது, அவள் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். மூன்றாவது தடவை நன்றாக வந்து, இப்போது வாடிக்கைக்காரர்களே கேட்டு வாங்குகிறார்கள்! சாப்பிட்டதும் தண்ணீர்த் தொட்டி வரை நடை. ஐந்து கிலோ போய்விட்டது, பேன்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது.

ரிசல்ட்டைப் பெரியப்பாவிடம் சொல்லத்தான் தயக்கமாக இருந்தது. போன வருஷம் சர்க்கரையால் அவர் காலில் இரண்டு விரலை எடுத்தார்களே, அவரிடம் போய் எப்படிப் பீற்றிக்கொள்வது. ஆனாலும் மனசு கேட்காமல் போன் பண்ணிச் சொன்னேன். நீயாவது தப்பிச்சியேடா என்று சொல்லி அழுதுவிட்டார். அண்ணன் அழுது நான் கேட்டதே இல்லை, நானும் தெருவில் நின்று அழுதேன். அப்போதுதான் சொன்னார், தனக்குச் சர்க்கரை கூடியிருப்பது ஆறு வருஷத்துக்கு முன்னாலேயே அவருக்குத் தெரியுமாம். நாங்கள் திட்டுவோம், தட்டிலிருந்து பிடுங்குவோம் என்று பயந்து ரிசல்ட்டை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாராம்.

என் எண் இறங்கிவிட்டதால் இது விட்டுப் போய்விட்டது என்று அர்த்தமில்லை, கையை விட்டால் திரும்ப வரும், வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உன்னையும் பார்க்கச் சொன்னார், நம் குடும்பத்து உடம்பு அப்படி. உனக்கு நாள் முழுக்க உட்கார்ந்த வேலை, வீடியோவில் பார்த்தால் பக்கத்தில் எப்போதும் ஜூஸ் பாட்டில். அது பழமில்லையம்மா, பழத்தைக் கடித்துச் சாப்பிடு.

இரண்டு பேரும் கைகால் சுகத்தோடு நூறு வருஷம் இருங்கள். இந்த வாரமே ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. எண் கூடியிருந்தாலும் உன்னைத் திட்ட மாட்டேன், சத்தியம். மடித்து மட்டும் வைத்துவிடாதே, அன்றைக்கே அப்பாவுக்குச் சொல்.

உன் எண்ணுக்காகக் காத்திருக்கும்,
அப்பா